கேப்சர் கார்டு டிரைவரில் நாலு இடத்தில் மெமரி: கேமல்லாக்கா, விமல்லாக்கா, சொந்த கேஷா?

#1 மோட்யூல்முத்து

பிசிஐஇ கேப்சர் கார்டு ஒன்றுக்கான லினக்ஸ் டிரைவர். எக்ஸ்86-64, பேஜ் அளவு 4 கேபி, கெர்னல் 6.12. நாலு இடத்தில் மெமரி கேட்கிறது:

1. டிஸ்கிரிப்டர் ரிங், அதாவது எங்கே எழுத வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் வட்டப் பட்டியல். 1024 டிஸ்கிரிப்டர், ஒவ்வொன்றும் 16 பைட் (8 பைட் முகவரி, 4 பைட் நீளம், 4 பைட் கொடிகள்). மொத்தம் 16 கேபி.
2. கார்டு எழுதும் டேட்டா பஃபர், 4 எம்பி.
3. ஒவ்வொரு இன்டரப்டிலும் ஒரு ஈவென்ட் ஸ்ட்ரக்ட், 520 பைட்.
4. யூசர் பக்கமிருந்து ஐயாக்டில் (டிவைஸ் ஃபைல் மூலம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) வழியாக வரும் ஃபில்டர் அட்டவணை. சாதாரணமாக 300 கேபி வரை.

இப்போது நாலுக்கும் கேமல்லாக்தான் (ஃபிசிக்கல் மெமரியில் ஒரே தொடர்ச்சியாக இடம் தருவது). கொடி (எப்படித் தேடித் தரலாம் என்று கெர்னலுக்குச் சொல்வது) மூன்றாவதற்கு மட்டும் ஜிஎஃப்பி_அட்டாமிக், மற்றதெல்லாம் ஜிஎஃப்பி_கெர்னல். மெஷின் பூட் ஆனதும் மோட்யூல் ஏற்றினால் சிக்கல் இல்லை. இரண்டு நாள் ஓடிய மெஷினில் இறக்கி ஏற்றினால் டிமெசேஜில் (கெர்னல் லாகில்) "பேஜ் அலொகேஷன் ஃபெய்லியர், ஆர்டர் 10" என்று வந்து ப்ரோப் (கார்டை டிரைவர் ஏற்கும் தொடக்க ஃபங்ஷன்) தோற்கிறது. ஃப்ரீ மெமரி நிறையக் காட்டுகிறது. எல்லாவற்றையும் விமல்லாக்குக்கு (சிதறிய பேஜ்களை வர்ச்சுவல் முகவரியில் மட்டும் தொடர்ச்சியாகக் கோப்பது) மாற்றிவிடலாமா?

---

#2 பக்கம்4096

மாற்ற வேண்டாம். இரண்டாவதை விமல்லாக்குக்கு மாற்றினால் கார்டு வேலையே செய்யாது, காரணம் கீழே யாராவது சொல்வார்கள். முதலில் ஆர்டர் 10 ஏன் தோற்கிறது என்று பார்ப்போம்.

கெர்னலின் அடித்தளத்தில் இருப்பது பட்டி அலொகேட்டர். அது பேஜ்களை 2-இன் அடுக்குகளாக மட்டுமே கொடுக்கும். ஆர்டர் 0 என்றால் 1 பேஜ், ஆர்டர் 3 என்றால் 8 பேஜ் (32 கேபி), ஆர்டர் 10 என்றால் 1024 பேஜ், அதாவது 4 எம்பி. உங்கள் மெஷினில் அதுதான் உச்சவரம்பு. நீங்கள் கேட்பது சரியாக அந்த உச்சி. ஒரு பைட் கூடினாலும் காலி மெமரி எவ்வளவு இருந்தாலும் கிடைக்காது.

/ப்ராக்/பட்டிஇன்ஃபோ பாருங்கள். சில நாள் ஓடிய மெஷினில் நார்மல் ஸோன் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

4381  2207  960  311  87  22  5  1  0  0  0

இடமிருந்து வலமாக ஆர்டர் 0 முதல் 10 வரை. கூட்டிப் பார்த்தால் 69 எம்பி காலி. ஆனால் கடைசி மூன்று கட்டமும் பூஜ்யம். அதாவது 69 எம்பி இருந்தும் 1 எம்பிக்கு ஒரே துண்டு கிடையாது. ஊர் முழுக்கக் காலி மனை இருக்கிறது, கல்யாண மண்டபம் கட்ட ஒரே தொகுப்பாக இடம் இல்லை.

இன்னொன்று. ஆர்டர் 3 வரைக்கும் ஜிஎஃப்பி_கெர்னல் கேட்டால் கெர்னல் எளிதில் கைவிரிக்காது. ரீக்ளெய்ம் (பயன்படாத பேஜ்களை மீட்பது), காம்பாக்‌ஷன் (பேஜ்களை நகர்த்திக் காலி இடத்தை ஒன்றுசேர்ப்பது), தேவைப்பட்டால் ஊம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஏதாவது ப்ராசஸைக் கொல்வது) என்று சுற்றிச் சுற்றி முயலும். ஆர்டர் 4 தொடங்கி அது "விலை அதிகம்" கணக்கில் சேரும். கொஞ்சம் முயன்றுவிட்டு நல் (கிடைக்கவில்லை என்னும் வெற்றுப் பாயின்டர்) திருப்பிவிடும், அதற்காக ஊம் கில்லரை எழுப்பாது. நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

ப்ரோப் தோற்ற மெஷினில் /ப்ராக்/சிஸ்/விஎம்/காம்பாக்ட்_மெமரி கோப்பில் 1 எழுதி மறுபடி ஏற்றிப் பார்க்கலாம், சில சமயம் கிடைக்கும். காரணத்தை உறுதிப்படுத்த அது போதும். அதைத் தீர்வென்று எடுத்துக்கொண்டு இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டில் போட்டுவிடாதீர்கள்.

---

#3 தூங்காநகரான்

அளவிலிருந்து தொடங்கியதுதான் தப்பு. "இத்தனை கேபிக்கு மேல் விமல்லாக்" என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். கேட்க வேண்டிய வரிசை வேறு. அந்த இடத்தில் தூங்கலாமா, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கலாமா? அந்த மெமரியை யார் தொடுகிறார்கள், சிபியு மட்டுமா, கார்டுமா? எவ்வளவு நாள் உயிரோடு இருக்க வேண்டும்? கிடைக்காவிட்டால் என்ன செய்வோம்? இந்த நாலுக்கும் பதில் சொன்ன பிறகு அளவுக்கு வேலை மிகக் குறைவு.

தூங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன். ஜிஎஃப்பி_கெர்னல் தூங்கலாம். இன்டரப்ட் ஹேண்ட்லர், ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்த இடம், ஆர்சியு (பூட்டில்லாமல் படிக்கும் முறை) ரீட் பகுதி, டைமர் கால்பேக், இவற்றில் அது கூடாது. ஆபத்து என்னவென்றால் தப்பாகப் போட்டாலும் டெஸ்ட் மெஷினில் ஓடிவிடும். மெமரி தாராளமாக இருக்கும்போது வேகப்பாதையிலேயே கிடைத்துவிடுவதால் தூங்க வேண்டிய நிலையே வராது. வாடிக்கையாளர் மெஷினில் மெமரி குறையும் அன்றைக்குத்தான் தொங்கும். கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் போட்ட கெர்னலில் ஓட்டினால் உண்மையில் தூங்காவிட்டாலும் "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்" என்று உடனே கத்தும். அந்தக் கான்ஃபிக் இல்லாத கெர்னலில் டிரைவர் எழுதக் கூடாது என்பது என் கட்சி.

ஜிஎஃப்பி_அட்டாமிக் என்றதும் பலர் அதை ஏதோ வலுவான கொடி என்று நினைக்கிறார்கள். அது காத்திருக்காது, ரீக்ளெய்ம் செய்யாது, கேஸ்வாப்டியை (பின்னணியில் மெமரியை மீட்கும் கெர்னல் த்ரெட்) எழுப்பிவிட்டு இருப்பதை எடுத்துக்கொண்டு போகும். அதற்காக ஒதுக்கிய சேமிப்பில் கொஞ்சம் ஆழமாகக் கைவிடலாம், அவ்வளவுதான் சலுகை. அந்தச் சேமிப்பின் அளவு விஎம்.மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் பொறுத்தது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நெட்வொர்க் கார்டும் அதே சட்டியில்தான் அள்ளுகிறது.

"இன்_அட்டாமிக் உண்மையென்றால் அட்டாமிக், இல்லையென்றால் கெர்னல்" என்று கோடு எழுதாதீர்கள். ப்ரீஎம்ப்ட் இல்லாத கெர்னலில் ஸ்பின்லாக் பிடித்திருப்பது அந்தச் சோதனைக்குத் தெரியாது. எந்தச் சூழலில் கூப்பிடுகிறோம் என்பது கூப்பிடுபவருக்குத் தெரியும். கொடியை ஆர்க்யுமென்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

---

#4 மோட்யூல்முத்து

அப்படியானால் மூன்றாவது இடத்துக்கு வழி? இன்டரப்டில் ஸ்ட்ரக்ட் வேண்டியிருக்கிறதே.

---

#5 தூங்காநகரான்

அங்கே கேட்கவே வேண்டாம். ரிங்கில் 1024 இடம். எனவே முடிக்காமல் நிற்கும் ஈவென்ட் 1024-க்கு மேல் போனால் அதைக் கைவிடுவதில் தப்பில்லை. ப்ரோப்பிலேயே 1024 ஸ்ட்ரக்ட் வாங்கி வைத்துவிடுங்கள். இன்டரப்டில் காலிப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுங்கள், யூசர் ரீட் செய்து முடித்ததும் திருப்பிப் போடுங்கள். காலி இல்லையென்றால் "விட்டுப்போனது" கவுண்டரை ஒன்று கூட்டிவிட்டுத் திரும்புங்கள். அந்தக் கவுண்டரை யூசருக்குக் காட்டுவது முக்கியம், இல்லையென்றால் ஈவென்ட் எங்கே போனதென்று தேடுபவர் கார்டைக் குறை சொல்வார்.

அல்லது ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்கியூ. மேல்பாதி இன்டரப்டை ஒப்புக்கொண்டு திரும்பும், கீழ்பாதி த்ரெட்டில் ஓடும், அங்கே ஜிஎஃப்பி_கெர்னல் தாராளமாகப் போடலாம். ஆனால் மெமரி நெருக்கடியில் அந்த த்ரெட் ரீக்ளெய்முக்குக் காத்திருக்கும்போது ரிங் நிரம்பிவிடும். கேப்சர் கார்டுக்கு முன்கூட்டி வாங்குவதே மேல்.

---

#6 ஸ்லப்மணி

520 என்ற எண்ணைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது.

கேமல்லாக்கின் அளவு வகுப்புகள்: 8, 16, 32, 64, 96, 128, 192, 256, 512, 1024, 2048, 4096, 8192. அதற்கு மேல் நேராக பட்டி அலொகேட்டர். 520 கேட்டால் 1024 வகுப்பில் விழும், ஒவ்வொன்றிலும் 504 பைட் வீண். முதலில் பாஹோல் கருவியை மோட்யூலின் ஆப்ஜெக்ட் கோப்பில் ஓட்டி ஸ்ட்ரக்டின் ஓட்டைகளைப் பாருங்கள். ஒரு யு8, அடுத்து ஒரு யு64, அடுத்து ஒரு பூல், அடுத்து ஒரு பாயின்டர் என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு சின்ன ஃபீல்டுக்குப் பின்னாலும் 7 பைட் ஓட்டை விழும். யு8-யும் பூலையும் சேர்த்துக் கடைசியில் வைத்தாலே 8 பைட் மிச்சமாகும், 512-இல் உட்கார்ந்துவிடும்.

குறைக்க முடியாது, எண்ணிக்கையும் பெரிது என்றால் கேமெம்_கேஷ்_கிரியேட், அதாவது அந்த ஒரே அளவு ஆப்ஜெக்டுகளுக்கென்று சொந்த கேஷ். 32 கேபி ஸ்லாபில் (ஆப்ஜெக்டுகளாக வெட்டும் பேஜ் தொகுப்பு) 1024 வகுப்பு 32 ஆப்ஜெக்ட் கொள்ளும், 520 பைட் சொந்த கேஷ் 63 கொள்ளும். லட்சம் ஆப்ஜெக்ட் என்றால் 102 எம்பி எங்கே, 52 எம்பி எங்கே. ஆனால் பழக்கதோஷத்தில் ஸ்லாப்_எச்டபிள்யுகேஷ்_அலைன் கொடியைப் போட்டுவிட்டால் 520 பைட் 576 ஆகும் (64-இன் மடங்கு), 63 என்பது 56 ஆகும். இரண்டு சிபியு ஒரே கேஷ் லைனில் முட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் அந்தக் கொடி. உண்மையில் எத்தனை அமைந்தது என்பதை /சிஸ்/கெர்னல்/ஸ்லாப் அடியில் உங்கள் கேஷ் பெயருக்குள் ஆப்ஜ்ஸ்_பெர்_ஸ்லாப் கோப்பில் பார்க்கலாம்.

கேஷுக்குப் பெயர் வைத்தும் ஸ்லாப்இன்ஃபோவில் காணோமே என்று தேடாதீர்கள். அதே அளவு, ஒத்துப்போகும் கொடிகள் உள்ள வேறு கேஷோடு கெர்னல் அதை இணைத்திருக்கும். பூட் வரியில் ஸ்லாப்_நோமெர்ஜ் போட்டால் தனியாகத் தெரியும்.

இடைச்செருகல்: கேமல்லாக்குக்கு அடியில் எந்த அலொகேட்டர், ஸ்லாப் (SLAB) வேண்டுமா, ஸ்லப் (SLUB) வேண்டுமா, ஸ்லாப் (SLOB) வேண்டுமா என்ற பழைய கேள்வி இனி இல்லை. ஓ போட்டது 6.4-இல் போனது, ஏ போட்டது 6.8-இல் போனது. 2007-இல் 2.6.22-இல் வந்த ஸ்லப் ஒன்றே மிச்சம். மூலக் கருத்து அதற்கும் முந்தையது, சன்ஓஎஸ் 5.4-க்காக ஜெஃப் பான்விக் செய்து 1994-இல் கட்டுரையாக வெளியிட்டது.

---

#7 கேஷ்வேணாம்

மணி அண்ணா, 1024 ஆப்ஜெக்டுக்கு சொந்த கேஷ் அநியாயம். அவை எல்லாம் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகச் சாகப் போகின்றன. ஒரே அர்ரே போதும்.

கணக்கு பாருங்கள். 1024 × 520 = 532480 பைட். 4096-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 130 பேஜ். கேகல்லாக் (கேமல்லாக்கின் அர்ரே வடிவம்) போட்டால் 130 பேஜ் ஆர்டர் 7-இல் (128) அடங்காது, ஆர்டர் 8-க்கு ஏறும்: 256 பேஜ், 1 எம்பி. இரண்டு பேஜுக்காக 126 பேஜ் வீண், அதோடு கிடைப்பதும் சந்தேகம். விகல்லாக் போட்டால் சிதறிய 130 பேஜை அப்படியே எடுத்து மேப் செய்யும். இந்த அர்ரேயைக் கார்டு தொடுவதில்லை, சிபியு மட்டும்தான். அதனால் ஃபிசிக்கலாகத் தொடர்ச்சி தேவையில்லை. விகல்லாக், அல்லது கேவிகல்லாக். கேவி வகை முதலில் கேமல்லாக்கை அதிகம் சிரமப்படாமல் முயன்றுவிட்டு, கிடைக்காவிட்டால் விமல்லாக்குக்குப் போகும். இந்தக் குறிப்பிட்ட அளவுக்கு கேமல்லாக் வென்றால்தான் வீண் அதிகம் என்பது வேடிக்கை.

மணி சொன்னபடி 512-க்குக் குறைத்தால் 128 பேஜ், சரியாக ஆர்டர் 7. அப்போது இரண்டு வழியிலும் வீண் இல்லை.

---

#8 ஸ்லப்மணி

1024 நிலையான எண் என்றால் அர்ரேதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கை ஏறி இறங்கும் இடத்துக்குத்தான் கேஷ். ஒரு சின்ன விலை மட்டும் சொல்லிவிடுகிறேன்: விமல்லாக் மெமரி 4 கேபி பேஜாக மேப் ஆகும், நேரடி மேப்பிங் போலப் பெரிய பேஜில் இருக்காது, டிஎல்பி (முகவரி மாற்றத்தை நினைவில் வைக்கும் சிபியு கேஷ்) தவறுதல் கூடும். இன்டரப்டுக்கு ஒரு தடவை தொடும் அர்ரேயில் அது தெரியாது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் நடுவிலும் ஓரத்திலும் குதித்துக் குதித்துத் தேடும் ஹாஷ் டேபிளில் தெரியும்.

---

#9 கடத்தல்மன்னன்_டிஎம்ஏ

ஒன்றும் இரண்டும் என் பேட்டை: டிஎம்ஏ, அதாவது சிபியு வழியாகப் போகாமல் கார்டே மெமரியைத் தொடுவது.

ரிங்குக்கு டிஎம்ஏ_அலாக்_கோஹிரண்ட் (சிபியுவும் கார்டும் எப்போதும் ஒரே மதிப்பைப் பார்க்கும் மெமரி), 16 கேபி. அதற்கு முன்னால் டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹிரண்ட் கூப்பிட்டு 64 பிட் என்று சொல்லுங்கள், திரும்பும் மதிப்பைச் சோதியுங்கள். சொல்லாவிட்டால் கார்டுக்கு 32 பிட்தான் எட்டும் என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். ஐஓஎம்எம்யு (கார்டு பார்க்கும் முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) இல்லாத மெஷினில் 4 ஜிபிக்கு மேலே உள்ள ஒவ்வொரு பஃபருக்கும் எஸ்டபிள்யுஐஓடிஎல்பி (கார்டுக்கு எட்டும் இடைநிலை பஃபர்) வழியாக நகலெடுத்துக்கொண்டிருக்கும். அது ஒரு மேப்பிங்குக்கு 256 கேபிக்கு மேல் தராது, நிரம்பினால் மேப்பிங் தோற்கும். "கார்டு மெதுவாக இருக்கிறது" என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

இப்போது 4 எம்பி. முத்து, உங்கள் முதல் பதிவிலேயே விடை இருக்கிறது. டிஸ்கிரிப்டரில் 8 பைட் முகவரி, 4 பைட் நீளம் இருக்கிறது என்கிறீர்கள். 1024 டிஸ்கிரிப்டர். 4 எம்பியை 1024-ஆல் வகுத்தால் 4 கேபி. டிஸ்கிரிப்டருக்கு ஒரு பேஜ்! கார்டுக்குத் தொடர்ச்சியான 4 எம்பி தேவையே இல்லை, ஒவ்வொரு டிஸ்கிரிப்டரிலும் வேறு வேறு முகவரி கொடுக்கலாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது:

- ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் அலாக்_பேஜ், ஜிஎஃப்பி_கெர்னலோடு __ஜிஎஃப்பி_ஸீரோ. பேஜை யூசருக்கு எம்மேப் செய்யப் போவதால் (அவர் முகவரியில் நேராகக் காட்டப் போவதால்) பூஜ்யமாக்குவது கட்டாயம். இல்லையென்றால் பழைய கெர்னல் டேட்டா வெளியே போகும்.
- டிஎம்ஏ_மேப்_பேஜ், திசை ஃப்ரம்_டிவைஸ். வந்ததை டிஎம்ஏ_மேப்பிங்_எர்ரர் கொண்டு சோதிக்க வேண்டும். பூஜ்யத்தோடு ஒப்பிடுவது தப்பு, பூஜ்யம் செல்லுபடியாகும் முகவரியாக இருக்கலாம்.
- அந்த முகவரியை டிஸ்கிரிப்டரில் எழுதிவிட்டு, டிஎம்ஏ_டபிள்யுஎம்பி (எழுதும் வரிசையைக் காக்கும் தடுப்பு), அதன் பிறகுதான் "கார்டுக்குச் சொந்தம்" கொடி. இந்த வரிசை மாறினால் பாதி எழுதிய டிஸ்கிரிப்டரைக் கார்டு படிக்கும்.
- கார்டு எழுதி முடித்ததும் படிக்கும் முன் டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியு. திருப்பிக் கொடுக்கும்போது ஃபார்_டிவைஸ்.

எல்லாமே ஆர்டர் 0. எத்தனை நாள் ஓடிய மெஷினிலும் துண்டாடலால் தோற்காது. கெர்னலுக்குள்ளும் ஒரே நீளமாகப் பார்க்க வேண்டுமென்றால் 1024 பேஜையும் விமேப் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் விமல்லாக்குக்கு மாற்றலாமா என்று கேட்டீர்களே, அதற்கும் பதில். விமல்லாக் கொடுப்பது வர்ச்சுவலாக மட்டும் தொடர்ச்சி. அந்தப் பாயின்டரை டிஎம்ஏ_மேப்_சிங்கிளிடம் கொடுத்தால் "ரிஜெக்டிங் டிஎம்ஏ மேப் ஆஃப் விமல்லாக் மெமரி" என்று எச்சரித்து மறுக்கும். ஸ்டாக்கில் உள்ள பஃபரும் அப்படியே. எக்ஸ்86-இல் 4.9 முதல் கெர்னல் ஸ்டாக்கையே விமல்லாக் பகுதியில் வைக்க முடியும், இன்று பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் அப்படித்தான்.

---

#10 வட்டெழுத்து

கார்டுக்கு ஒரே ஒரு அடிமுகவரி ரெஜிஸ்டர்தான், ஸ்கேட்டர்-கேதர் (சிதறிய பல முகவரிகளில் எழுதும் வசதி) கிடையாது என்றால்?

---

#11 கடத்தல்மன்னன்_டிஎம்ஏ

அப்போது மூன்று வழி. ஐஓஎம்எம்யு இருந்து டிரைவர் டிஎம்ஏ ஏபிஐ வழியாகப் போனால் டிஎம்ஏ_அலாக்_கோஹிரண்ட் சிதறிய பேஜ்களைத் தைத்துக் கார்டுக்குத் தொடர்ச்சியாகக் காட்டும். ஐஓஎம்எம்யு இல்லையென்றால் சிஎம்ஏ: பூட் வரியில் சிஎம்ஏ=64எம் என்பது போல ஒதுக்கினால் அந்த இடத்தில் நகர்த்தக்கூடிய பேஜ்களை மட்டுமே கெர்னல் குடிவைக்கும், நீங்கள் கேட்கும்போது காலி செய்து தரும். காலி செய்ய நேரமாகும் என்பதால் ப்ரோப்பில் கேளுங்கள், ஓட்டத்தின் நடுவில் வேண்டாம். மூன்றாவது, ஏஆர்எம் போர்டுகளில் டிவைஸ் ட்ரீயில் ரிசர்வ்டு மெமரி என்று பூட்டிலேயே ஒதுக்கிவிடுவது. வேறு யாருக்கும் பயன்படாது, ஆனால் நிச்சயம்.

ஏஆர்எம் என்று வந்ததால் இன்னொன்று. கேஷ் கோஹிரன்சி இல்லாத சிப்களில் கோஹிரண்ட் மெமரி என்பது கேஷ் இல்லாத மெமரி. 16 கேபி ரிங்குக்கு அது பரவாயில்லை. 4 எம்பி டேட்டாவை அங்கே வைத்து சிபியு பைட் பைட்டாகப் படித்தால் நத்தை வேகம்தான். டேட்டாவுக்கு ஸ்ட்ரீமிங் மேப்பிங்கே (#9-இல் சொன்ன டிஎம்ஏ_மேப்_பேஜ் வழி) சரி.

அதே சிப்களில் இன்னொரு குழி: ஸ்ட்ரக்டுக்குள் 32 பைட் டிஎம்ஏ பஃபர், பக்கத்து ஃபீல்டில் ஒரு கவுண்டர், இரண்டும் ஒரே கேஷ் லைன். கார்டு பஃபரில் எழுதும் நேரத்தில் சிபியு கவுண்டரைக் கூட்டுகிறது. லைன் அழுக்காகிறது. பிறகு அந்த லைன் வெளியேறும்போது கார்டு எழுதியதன் மேலேயே பழைய பைட்கள் போய் உட்காரும். எக்ஸ்86-இல் எத்தனை தடவை ஓட்டினாலும் இது தெரியாது. டிஎம்ஏ பஃபரைத் தனி கேமல்லாக்காக எடுங்கள்.

---

#12 மோட்யூல்முத்து

டிஸ்கிரிப்டருக்கு ஒரு பேஜ் என்பது தோன்றவே இல்லை. டேட்டாஷீட்டில் சரிபார்த்தேன், ஒவ்வொரு டிஸ்கிரிப்டரும் தனி முகவரி ஏற்கிறது, 4 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது என்று மட்டும் நிபந்தனை. பேஜ் என்றால் அதுவும் தானாகப் பொருந்துகிறது.

நாலாவது மிச்சம். யூசர் எண்ணிக்கையைச் சொல்லி 16 பைட் பதிவுகளாக அனுப்புகிறார். கேவிமல்லாக் போதுமா?

---

#13 பக்கம்4096

போதும். ஆனால் எண்ணிக்கை யூசரிடமிருந்து வருகிறது என்பதால் பெருக்கலைக் கையால் செய்யாதீர்கள். எண்ணிக்கையும் அளவும் 32 பிட் மாறிகளாக இருந்து யாராவது 268435457 என்று அனுப்பினால், 16-ஆல் பெருக்கியது 4294967312. அது 32 பிட்டில் சுருண்டு 16 ஆகும். நீங்கள் 16 பைட் வாங்கிவிட்டு 26 கோடிப் பதிவை அதில் எழுத உட்காருவீர்கள். கேவிமல்லாக்_அர்ரே அல்லது கேவிகல்லாக் பெருக்கலைச் சோதித்து நல் தரும். தலைப்பு ஸ்ட்ரக்டும் வால் அர்ரேயும் சேர்ந்தது என்றால் ஸ்ட்ரக்ட்_சைஸ்.

அதற்கும் முன்னால் உங்கள் சொந்த உச்சவரம்பு ஒன்று. கார்டு 32768 ஃபில்டருக்கு மேல் ஏற்காது என்றால் அதைத் தாண்டியதும் ஈஇன்வால் (தவறான ஆர்க்யுமென்ட் என்ற பிழை). கொடி ஜிஎஃப்பி_கெர்னல்_அக்கவுண்ட், யூசர் தூண்டும் மெமரி அவருடைய சிகுரூப் (ப்ராசஸ் குழுவுக்கு மெமரி வரம்பு வைப்பது) கணக்கில் ஏறட்டும். இல்லையென்றால் கண்டெய்னரின் வரம்புக்கு வெளியே கெர்னல் மெமரியைத் தின்ன வழி திறந்துவிடுகிறீர்கள்.

விடுவிப்பது கேவிஃப்ரீ. இங்கேதான் பலர் பழக்கத்தில் கேஃப்ரீ எழுதுவார்கள். சின்ன அட்டவணையில் கேமல்லாக்கிலிருந்து வந்திருக்கும், ஒன்றும் ஆகாது. பெரியது விமல்லாக்கிலிருந்து வந்த அன்று விழும். அதோடு கேவிஃப்ரீ தூங்கலாம், ஸ்பின்லாக்குக்குள் கூப்பிடாதீர்கள். வரிசை: புதியதை லாக்குக்கு வெளியே வாங்கு, யூசரிடமிருந்து நகலெடு, சரிபார், லாக் பிடி, பாயின்டரை மாற்று, லாக் விடு, பழையதை விடுவி. படிப்பவர்கள் ஆர்சியு என்றால் கேவிஃப்ரீ_ஆர்சியு.

---

#14 வட்டெழுத்து

பிளாக் டிரைவர், ஃபைல்சிஸ்டம் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு, முத்துவுக்குத் தேவையில்லை. மெமரி குறைந்தால் கெர்னல் அழுக்குப் பேஜ்களை டிஸ்க்கில் எழுதப் பார்க்கும். எழுதுவது உங்கள் டிரைவர் என்றால், அந்தப் பாதையில் நீங்களே ஜிஎஃப்பி_கெர்னல் கேட்டு ரீக்ளெய்முக்குக் காத்திருந்தால், அது உங்களுக்காகவே காத்திருக்கும். அங்கே ஜிஎஃப்பி_நோஐஓ. ஒவ்வொரு அழைப்பிலும் கொடியை மாற்றுவதைவிட மெமல்லாக்_நோஐஓ_சேவ், ரீஸ்டோர் ஜோடியால் பகுதியைச் சுற்றி வேலி போடுவது நல்லது, உள்ளே யாரோ கூப்பிடும் லைப்ரரி ஃபங்ஷனையும் அது கட்டுப்படுத்தும். கட்டாயம் கிடைத்தே ஆக வேண்டிய ஆப்ஜெக்டுக்கு மெம்பூல் (முன்கூட்டி ஒதுக்கிய சேமிப்பு). ஒரே மெம்பூலிலிருந்து முதலாவதைத் திருப்பித் தராமல் இரண்டாவதை எடுக்காதீர்கள். இரண்டு த்ரெட் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு மற்றதற்கு நின்றால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான்.

---

#15 தூங்காநகரான்

ஆர்டி (ரியல்டைம்) கெர்னலில் ஓட்டுவதானால்: 6.12-இல் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி மெயின்லைனில் சேர்ந்துவிட்டது. அங்கே ரா_ஸ்பின்லாக் (ஆர்டியிலும் தூங்காத ஸ்பின்லாக்) பிடித்த இடத்தில் ஜிஎஃப்பி_அட்டாமிக் கூடக் கூடாது, அலொகேட்டருக்குள் இருக்கும் லாக்குகளே தூங்கக்கூடியவை. முன்கூட்டி வாங்கிய அர்ரேக்கு அந்தத் தலைவலி இல்லை.

---

#16 கேஷ்வேணாம்

யாரும் சொல்லாதது, தோல்விப் பாதை. சின்ன ஜிஎஃப்பி_கெர்னல் அழைப்பு நடைமுறையில் தோற்பதே அரிது என்பதால் "நல் என்றால் கோட்டு எர்ர்" (பிழைப் பகுதிக்குத் தாவு) என்ற கோடு ஒரு தடவைகூட ஓடாமல் வெளியீட்டுக்குப் போகிறது. கான்ஃபிக்_ஃபெயில்ஸ்லாப் (மெமரி அழைப்புகளை வேண்டுமென்றே தோற்கடிப்பது) போட்ட கெர்னலில் /சிஸ்/கெர்னல்/டீபக்/ஃபெயில்ஸ்லாப் அடியில் ப்ராபபிலிட்டி 10, டைம்ஸ் -1, டாஸ்க்-ஃபில்டர் ஒய் (Y). இத்தோடு விட்டால் ஒன்றுமே நடக்காது: இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் இயல்பாக ஒய், அதாவது தூங்கக்கூடிய அழைப்புகளை அது தொடாது. அதை என் (N) ஆக்குங்கள். பிறகு ஷெல்லின் /ப்ராக்/செல்ஃப்/மேக்-இட்-ஃபெயில் கோப்பில் 1 எழுதி, அதே ஷெல்லிலிருந்து மோட்யூலை ஐம்பது தடவை ஏற்றி இறக்குங்கள். பேஜ் அழைப்புகளுக்கு ஃபெயில்_பேஜ்_அலாக் தனியாக இருக்கிறது. 1024 பேஜில் 700-ஆவது தோற்றால் முந்தைய 699-ஐயும் அன்மேப் செய்து விடுவிக்கிறீர்களா என்பது அப்போது தெரியும்.

கூடவே கேமெம்லீக் (விடுவிக்காமல் விட்ட மெமரியைக் காட்டுவது), காசான் (தப்பான மெமரி அணுகலைப் பிடிப்பது). காசான் போட முடியாத மெஷினில் ஸ்லாப்_டீபக்=எஃப்ஸெட்பியு. க்ராஷில் ரெஜிஸ்டர் முழுக்க 6பி6பி6பி6பி என்று தெரிந்தால் விடுவித்த ஆப்ஜெக்டைத் தொட்டிருக்கிறீர்கள், 5ஏ5ஏ என்றால் வாங்கிவிட்டு நிரப்பாமல் படித்திருக்கிறீர்கள்.

---

#17 மோட்யூல்முத்து

மாற்றிய அமைப்பு: ரிங் டிஎம்ஏ_அலாக்_கோஹிரண்ட், டேட்டாவுக்கு 1024 தனிப் பேஜ், ஈவென்ட் ஸ்ட்ரக்ட் பாஹோலில் பார்த்து 512 ஆனது, கேவிகல்லாக் அர்ரே, ஃபில்டருக்கு கேவிமல்லாக்_அர்ரே, வரம்பு 32768. ஃபெயில்ஸ்லாப் மூன்றாவது சுற்றிலேயே ஒரு அன்மேப் விட்டுப்போனதைக் காட்டியது. இன்டரப்டை டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்கியூ (டிவைஸ் போகும்போது தானாக விடுபடும் வகை) கொண்டு பதிவு செய்திருக்கிறேன், அர்ரேயை ரிமூவ் ஃபங்ஷனில் கேவிஃப்ரீ செய்கிறேன். சரிதானே?

---

#18 கடத்தல்மன்னன்_டிஎம்ஏ

சரியில்லை. டெவ்எம் கொண்டு வாங்கியதெல்லாம் ரிமூவ் முடிந்த பிறகுதான் விடுபடும். உங்கள் ரிமூவ் அர்ரேயை விடுவித்த பிறகும் இன்டரப்ட் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒன்று வந்தால் ஹேண்ட்லர் செத்த அர்ரேயில் எழுதும். லைனை வேறு கார்டோடு பகிர்ந்திருந்தால் உங்கள் கார்டு அமைதியாக இருந்தாலும் வரும். டெவ்எம்மை விட்டுவிட்டு ரிக்வெஸ்ட்_ஐஆர்கியூவுக்கு மாறுங்கள். ரிமூவில் வரிசை: கார்டின் டிஎம்ஏவை நிறுத்து, ஃப்ரீ_ஐஆர்கியூ, 1024 அன்மேப், பேஜ்கள், ரிங், கடைசியாக அர்ரே.

யூசர் டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது சிஸ்எஃப்எஸ் (/சிஸ் கோப்புகள்) வழியாக அன்பைண்ட் செய்தாலும் (டிரைவரைக் கார்டிலிருந்து கழற்றினாலும்) இதே கதை. அர்ரேயைத் தாங்கும் ஸ்ட்ரக்டில் ஒரு கேரெஃப் (எத்தனை இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது என்ற எண்ணிக்கை) வையுங்கள், கடைசி க்ளோஸில் விடுவியுங்கள்.